விட்டுவிடுதல் அருளாகுமா?

நம்மவரிடையே ஆழ வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. கொல்பவன் கொடியவன், கொல்லாதவன் நல்லவன், கையில் அகப்பட்டதையும் கொல்லாது விட்டுவிடுபவனோ நல்லவரினும் நல்லவன் என்பதே அந்நம்பிக்கை. கூண்டைத் திறந்து கிளியைப் பறக்கவிடுபவரைப் பாராட்டுகிறோம். வலையில் வீழ்ந்த மானை விடுவித்தவர் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லி மகிழ்கிறோம். பிடித்தவர் யார், எதற்காகப் பிடித்தார் என்று நாம் கேட்பதில்லை. விட்டார் என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது.

சைவ உணவுப் பழக்கமுள்ள குடும்பத்தில் பிறந்து, தலைநகரின் அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நானும் இந்நம்பிக்கையை ஐயமின்றிப் போற்றி வந்தவன்தான். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், காஷ்மீரத்து மலையேரி ஒன்றின் கரையில், ஒரு மாலைப்பொழுதில் அது ஆட்டங்கண்டது. ஆட்டிவைத்தது ஒரு முழ நீளங்கூட இல்லாத ஒரு மீன். அம்மீன் எழுப்பிய வினாவையே வாசக அன்பர்கள்முன் வைக்க விழைகிறேன்.

ஏரியும் மீனும்

அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் உதகமண்டலத்துக்காரர். இளமையிலேயே நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கக் கற்றவர். விடுப்புப் பயணச் சலுகையில் நான் காஷ்மீரம் செல்வதை அறிந்து, தாமும் உடன்வருவதாகச் சொன்னார். ஸ்ரீநகரில் என் குடும்பத்தாரை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் நாரநாக் என்னும் சிற்றூரிலிருந்து கங்காபல் ஏரிக்கு ஏறினோம். எட்டாம் நூற்றாண்டில் லலிதாதித்தன் காலத்தில் எழுந்தவை எனக் கருதப்படும் கற்கோயில்களின் சிதைவுகள் நாரநாக்கில் இன்றும் நிற்கின்றன. அங்கிருந்து தேவதாரு மரங்களினூடே செங்குத்தான ஏற்றம்; அதற்கு மேல் புல்வெளி; அதற்கும் மேல் 5,142 மீட்டர் உயரமுள்ள ஹர்முக் மலையும் அதன் காலடியில் ஏரியும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் கிடக்கும் அந்த நீலநீர், காஷ்மீரப் பண்டிதர்கள் தம் முன்னோரின் அஸ்தியைக் கரைக்கும் புனிதத் தீர்த்தமுமாகும்.

ஏரி தொன்மையானது, அதிலுள்ள டிரவுட் மீனோ வந்தேறி. ஸ்ரீநகரில் கம்பளத் தொழில் நடத்திய பிராங்க் மிச்செல் என்பவரின் முயற்சியால் இம்மீனின் முட்டைகள் பிரிட்டனிலிருந்து தருவிக்கப்பட்டன. 1899-இல் வந்த முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900-இல் ஸ்காத்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. ஹர்வானில் பொரிப்பகம் எழுந்தது. அங்கிருந்து மீன்குஞ்சுகள் பள்ளத்தாக்கின் ஓடைகளுக்கும் ஏரிகளுக்கும் பரவின. ஏறத்தாழ அதே காலத்தில் நம் நீலகிரியிலும் அவலாஞ்சியில் ஒரு பொரிப்பகம் அமைந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1860-களில், பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் அங்கு முயன்று தோற்றிருந்தார். ஆள வந்தவர்கள் தம் நாட்டுப் பொழுதுபோக்கிற்காக மீனையும் உடன்கொண்டு வந்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், மீன் இருந்துவிட்டது.

பூச்சியின் வேடம்

ஃபிளை பிஷிங் எனப்படும் இம்முறையில் மீன்பிடிப்போர் புழுவையோ மாவையோ இரையாக வைப்பதில்லை. சிறு தூண்டில் முள்ளொன்றின்மேல் இறகு, மயிர், பட்டுநூல் ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சிபோல் ஓர் உருவம் செய்கிறார்கள். மற்றத் தூண்டில்களில் நுனியிலுள்ள ஈயக்குண்டின் கனமே நரம்பை இழுத்துச் செல்லும். இங்கோ பூச்சிக்குக் கனமே இல்லை; கனம் கயிற்றில் இருக்கிறது. கோலைப் பின்னும் முன்னுமாக வீச, கயிறு காற்றில் வளைந்து நீண்டு, முடிவில் பூச்சியை நீர்மேல் மெத்தென இறக்கிவைக்கும். நண்பர் வீசும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். கோப்பில் குறிப்பெழுதுகையில் அடித்தல் திருத்தல் இன்றி எழுதும் அவருடைய கை, கோலிலும் அப்படியே இருந்தது.

கோடையின் கடைசி வாரங்கள் இதற்கு ஏற்ற காலம் என்று அவர் விளக்கினார். ஆண்டில் பாதிக்கு மேல் பனியுறைந்து கிடக்கும் இந்த ஏரிகளில் மீனுக்கு உணவுக்காலம் மிகக் குறுகியது. இலையுதிர் காலத்தில் முட்டையிடவும், பின்வரும் நெடிய குளிரைத் தாங்கவும் அது இப்போதே கொழுத்தாக வேண்டும். புல்வெளிகளில் இப்போதுதான் வெட்டுக்கிளிகள் முதிர்கின்றன. எறும்புகள் சிறகு முளைத்துப் பறக்கின்றன. பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் பகற்காற்று அவற்றை அள்ளி வந்து ஏரியில் கொட்டுகிறது. மாலையில் காற்று அடங்கியதும் மீன்கள் கரையோரம் வந்து, நீரின் மேற்பரப்பில் வட்ட வட்டமாக அலை எழுப்பி அவற்றை உண்கின்றன. உணவுக்கு அலையும் வேளையே உயிருக்கு இறுதியாகும் வேளை. சூதில் பெறும் வெற்றியைத் தூண்டிலின் பொன்னை மீன் விழுங்கியதற்கு வள்ளுவர் ஒப்பிட்டது அப்போது என் நினைவுக்கு வந்தது. நண்பரிடம் சொன்னேன், சிரித்தார்.

"நான் விழுங்கவிடுவதில்லை. உதட்டிலேயே குத்தி, உடனே எடுத்து விட்டுவிடுவேன். இருபது ஆண்டுகளாக ஒரு மீனையும் கொன்றதில்லை" என்றார். தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் உள்ள சிறு செதிலை இடுக்கியால் நசுக்கி வைத்திருந்ததையும் காட்டினார். அச்செதில் இல்லாவிடில் முள் எளிதாகக் கழன்றுவிடுமாம். எனக்கு அவர்மேல் இருந்த மதிப்பு இரட்டித்தது. கொல்லாமை நோன்பு பூண்ட வேடர் என்று மனத்துக்குள் பட்டம் சூட்டினேன்.

அம்மாலை நிகழ்ந்தது

கதிரவன் மலைக்குப் பின்னால் இறங்கிய சிறிது நேரத்தில் நண்பரின் கோல் வளைந்தது. இரண்டு நிமிடம் இழுபறி. பொன்னிற வயிறும், முதுகில் கருமையும், விலாவில் வெண்வளையம் சூழ்ந்த செம்புள்ளிகளுமாக ஒரு பழுப்பு டிரவுட் வலைக்குள் வந்தது. அவ்வளவு அழகிய உயிரை அத்தனை அருகில் நான் கண்டதில்லை. முள்ளை நண்பர் நொடியில் நீக்கிவிட்டார். "நான் ஒருமுறை கையில் பிடித்துக்கொள்ளட்டுமா சார்? ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்" என்றேன்.

"கையுறையைக் கழற்றுங்கள், கையை நனைத்துக்கொள்ளுங்கள்" என்றார். குளிரில் விரைத்திருந்த கை. கம்பளிக் கையுறையோடே வாங்கிவிட்டேன். கைப்பேசியில் படம் எடுத்தவர், எங்களுக்குச் சுமை தூக்கி வந்த குதிரைக்காரப் பையன். முதற்படத்தில் என் தலை பாதி இல்லை. இரண்டாவதில் மீன் துள்ளியதால் கலங்கிவிட்டது. மூன்றாவது நன்றாக அமைந்தது. ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகியிருக்கும். மீனை நீரில் விட்டேன். சிறிது தூரம் சென்றது, பக்கவாட்டில் சாய்ந்தது, பிறகு வயிறு மேலாக மிதந்தது. நண்பர் முழங்காலளவு நீரில் இறங்கி, அதை நிமிர்த்திப் பிடித்து, செவுள்களில் நீர் புகுமாறு நெடுநேரம் நிறுத்திப் பார்த்தார். செவுள் இரண்டொரு முறை அசைந்தது, பின்னர் அசையவில்லை.

எங்கள் வழிகாட்டி அப்பகுதியைச் சேர்ந்த முதியவர். அதுவரை ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தவர் எழுந்து வந்து மீனை வாங்கினார். கத்தியால் கீறித் தூய்மை செய்தார். உப்பும் மிளகாயும் தடவி அடுப்பிலிட்டார். வெந்ததும் ஒரு துண்டை ரொட்டியின்மேல் வைத்து என்னிடம் நீட்டினார். நான் மீன் உண்பதில்லை என்றேன். அவர் முகத்தில் கேலியில்லை. உண்மையான வியப்பே இருந்தது. "சாப் சாப்பிடமாட்டீர்கள், விற்கவும்போவதில்லை. அப்படியானால் எதற்காகப் பிடித்தீர்கள்?" என்று தம் மொழியில் கேட்டார்.

எனக்கு விடை இல்லை. அன்றிரவு கூடாரத்தில் உறக்கமும் இல்லை.

நண்பரின் வழக்கு

மறுநாள் காலை நண்பரிடம் மனம் திறந்தேன். அவர் தம் தரப்பை நன்றாகவே எடுத்துரைத்தார். அதனை நேர்மையாகப் பதிவு செய்வது என் கடமை.

முதலாவதாக, குற்றம் பிடித்ததில் இல்லை, பிடித்த பிறகு காட்டிய கவனக்குறைவில்தான் என்றார். அதற்குச் சான்றும் உண்டு. 1992-இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், களைக்கும்வரை துரத்தப்பட்ட வானவில் டிரவுட் மீன்களை நீரிலேயே விட்டபோது நூற்றுக்கு 88 பிழைத்தன. அரை நிமிடம் காற்றில் வைத்து விட்டபோது 62 பிழைத்தன. ஒரு நிமிடம் வைத்தபோது 28 மட்டுமே பிழைத்தன. ஓடிக் களைத்தவனின் மூக்கையும் வாயையும் பொத்துவது போன்றதே மீனை நீருக்கு வெளியே தூக்குவது. உலர்ந்த துணி மீனின் மேலுள்ள வழவழப்புப் படலத்தையும் துடைத்துவிடுகிறது. நோயைத் தடுப்பது அதுவே. "முள் கொல்லவில்லை, கையுறையும் கைப்பேசியுமே கொன்றன" என்றார். உண்மைதான். அவர் சொன்ன இரண்டு சொல்லை நான் கேட்டிருந்தால் அம்மீன் அன்று பிழைத்திருக்கும்.

இரண்டாவதாக, மீனைத் தேடிச் செல்பவனே நீரைக் காப்பவன் என்றார். ஓடையில் நஞ்சு கலந்தாலும், வெடிவைத்து மீன்பிடித்தாலும், மணல் அள்ளினாலும் முதலில் குரல் கொடுப்பவன் அவன்தான். டிரவுட் மீன் குளிர்ந்த, பிராணவாயு மிக்க நீரில் மட்டுமே வாழ்வது. நீர் இருபது பாகை வெப்பத்தை நெருங்கினாலே அதற்கு மூச்சு முட்டும். அத்தகைய நாட்களில் நல்ல தூண்டிற்காரர்கள் கோலைக் கீழே வைத்துவிடுவார்கள். "நீங்கள் ஏரியை ஒரு நாள் பார்த்தீர்கள். நான் மீனின் கண்ணால் ஏரியைப் பார்க்க ஐம்பது ஆண்டு பழகியிருக்கிறேன்" என்றார். இதையும் மறுக்க இயலவில்லை.

மூன்றாவது வாதம் என்னையே நோக்கி வந்தது. "நீங்கள் அருந்தும் பாலுக்காகக் கன்று கட்டப்படவில்லையா? நீங்கள் உண்ணும் அரிசிக்காக உழுத வயலில் எத்தனை உயிர் மடிந்தது?" என்றார். உயிர்க்கு ஊறின்றி உயிர் வாழ்வோர் எவருமிலர் என்பது பழைய உண்மை. ஆயினும் தவிர்க்க இயலாத ஊறு என்றும், தேடிச்சென்று செய்யும் ஊறு என்றும் இரண்டு உண்டல்லவா? இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அறம் என்ற சொல்லுக்கே இடமில்லாது போகும்.

மீனுக்கு வலி உண்டா?

இங்கே அறிஞரிடையே ஒரு வழக்கு நடக்கிறது. 2003-ஆம் ஆண்டில் லின் ஸ்னெட்டன் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் டிரவுட் மீனின் முகத்திலும் உதட்டிலும் ஊறுணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டறிந்தனர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தொட்டியின் அடிக்கற்களில் உதட்டைத் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. இதனை மறுப்போரும் உளர். வலியை உணரத் தேவையான மூளைப்பகுதி மீனுக்கு இல்லை என்று ஆஸ்திரேலியாவின் பிரையன் கீ 2016-இல் எழுதினார். நரம்பு துடிப்பது வேறு, துன்பம் உணர்வது வேறு என்பது அவர் கட்சி.

நான் அறிவியல் கற்றவனல்லன். ஆனால் ஐயம் உள்ளபோது அதன் பயன் யாருக்குச் சேரவேண்டும் என்பதை அலுவலக அநுபவத்தில் சிறிது அறிவேன். தவறினால் ஒரு பக்கத்தில் இழக்கப்படுவது ஒரு மாலைப்பொழுதின் இன்பம். மறுபக்கத்தில் நேர்வது ஓர் உயிரின் வதை. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

சட்டங்கூட இங்கே உற்றுநோக்கத்தக்கது. நம் நாட்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் (1960) மனிதன் நீங்கலான எல்லா உயிரினத்தையும் பிராணி என்றே வரையறுக்கிறது. உணவுக்காகக் கொல்லுவதை அது விலக்கி வைக்கிறது. அப்போதும் தேவையற்ற வலி கூடாது என்கிறது. 1976-இல் அரசியலமைப்பில் சேர்ந்த அடிப்படைக் கடமைகளுள் உயிர்களிடத்துக் கருணையும் ஒன்று. சுவிட்சர்லாந்தோ ஒரு படி மேலே சென்று, விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதைத் தடுத்துள்ளது. உண்பதற்காகப் பிடிக்கலாம், விளையாடி விடுவதற்காகப் பிடிக்கக் கூடாது என்பது அங்குள்ள நெறி. அந்த முதியவர் என்னிடம் கேட்ட அதே கேள்வியை ஒரு நாடே சட்டமாக்கியிருக்கிறது எனலாம்.

வள்ளுவர் வகுத்த வரிசை

ஊர் திரும்பிய பின் திருக்குறளை எடுத்தேன். துறவறவியலில் நான் இதுகாறும் கவனியாத ஒன்றைக் கண்டேன். புலான்மறுத்தல் 26-ஆம் அதிகாரம். இன்னாசெய்யாமை 32-ஆம் அதிகாரம். கொல்லாமை 33-ஆம் அதிகாரம். உண்ணாமை வேறு, துன்புறுத்தாமை வேறு, கொல்லாமை வேறு. மூன்றும் ஒன்றென்றால் மூன்று அதிகாரம் எதற்கு? ஒன்றைக் காத்தவன் மற்றதைக் காத்தவனாகிவிட மாட்டான் என்று வள்ளுவர் கருதியிருத்தல் வேண்டும்.

இந்த அளவுகோலால் அம்மாலையை அளந்து பார்த்தேன். நண்பர் இருபது ஆண்டுகளாகக் கொல்லாமையைக் காத்தவர். ஆனால் ஒவ்வொரு மீனையும் முள்ளால் குத்தி, களைக்கும்வரை இழுத்ததனால் இன்னாசெய்யாமையைக் காவாதவர். முதியவர் மீனைத் தின்றார். ஆயின் அம்மீனுக்கு அவர் இன்னா செய்யவில்லை. நானோ புலான்மறுத்தல் ஒன்றையே காத்தேன். மற்ற இரண்டையும் ஒரே நிமிடத்தில் இழந்தேன். மூவருள் தன்னைத் தூயவன் என்று எண்ணியிருந்தவன் நான் ஒருவனே. என் நாவு தூயதாயிருந்ததை என் கையும் தூயது என்பதற்குச் சான்றாகக் கொண்டிருந்தேன்.

இம்மூன்று அதிகாரங்களுக்கும் முன்னதாக, அவ்வியலின் தலைவாயிலில் நிற்பது அருளுடைமை. விட்டுவிடுதல் அருளா என்ற வினாவுக்கு விடை தேடியபோது அதிபத்த நாயனார் நினைவுக்கு வந்தார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். ஒரு மீனே கிடைக்கும் நாட்கள் தொடர்ந்தன. அந்த ஒன்றையும் விட்டுவிட்டுச் சுற்றத்தோடு பசியில் வாடினார். இறுதியில் பொன்னும் மணியுமாய் ஒரு மீன் அகப்பட்டது; அதையும் விட்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

அவரும் விட்டார், நண்பரும் விட்டார், நானும் விட்டேன். மூன்றும் ஒரு செயலா? அதிபத்தர் விட்டது தமக்கு வேண்டியதை. பசித்த வயிற்றுக்கு உரியதை விட்டார். அதனால் அது கொடை. நாங்கள் விட்டது எங்களுக்கு வேண்டாததை. இன்பம் எங்கள் கைக்கு வந்த பிறகு எஞ்சிய மீனை நீரில் போட்டோம். வேண்டாததைத் திருப்பித் தருவதைக் கொடை என்று யார் சொல்வார்? விடுபவன் எதையேனும் இழந்தால்தான் விடுதலில் அருள் உண்டு. இழப்பில்லாத விடுதல் வெறும் முடிவு. ஆட்டம் முடிந்தது என்பதன் அடையாளம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த டிரவுட் மீன் வந்தேறி என்றேன். உலகின் மிகத் தீய வந்தேறி உயிரினங்கள் நூறு என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் வெளியிட்ட பட்டியலில் பழுப்பு டிரவுட்டும் வானவில் டிரவுட்டும் இடம்பெற்றுள்ளன. கலிபோர்னியாவின் சியாரா நெவாடா மலையில், மீனே இல்லாதிருந்த ஏரிகளில் விளையாட்டுக்காக இவை விடப்பட்டன. அங்கு வாழ்ந்த தவளையினம் அருகியது. மீனை அகற்றிய ஏரிகளில் தவளைகள் மீண்டன. ஆகவே ஒரு டிரவுட்டை விடுவிப்பது அதன் வாய்க்குள் போகும் வேறு சில உயிர்களைக் கைவிடுவதாகவும் ஆகலாம். விடும் கை தன் அழகைத்தான் பார்க்கிறது. விடப்பட்டது எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை.

என் மேசையிலும் ஒரு தூண்டில்

இவ்வளவில் நிறுத்தினால், ஏதோ மீன்பிடிப்போரைக் குறைகூற எழுந்த கட்டுரையாக இது முடிந்துவிடும். என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரிவில் பணியாற்றியபோது, இறந்துபோன கடைநிலை ஊழியர் ஒருவரின் மனைவி குடும்ப ஓய்வூதியத்திற்கு விண்ணப்பித்திருந்தார். பெயரின் எழுத்தில் ஒரு வேறுபாடு; திருப்பி அனுப்பினேன். சரிசெய்து வந்தது. சான்றொப்பத்தில் முத்திரை தெளிவாக இல்லை, மீண்டும் திருப்பினேன். இரண்டு குறைகளையும் முதல்முறையே சுட்டியிருக்கலாம். விதி எனக்கு அதற்குத் தடையாக இல்லை. மூன்றாம்முறை வந்தபோது அன்றே முடித்துக் கொடுத்தேன். அந்த அம்மையார் என்முன் கைகூப்பிக் கண்ணீரோடு நின்றார். அன்று மாலை பேருந்தில் வீடு திரும்புகையில் நான் மிக மகிழ்ந்திருந்தேன். ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று மனைவியிடமும் சொன்னேன்.

கங்காபல் கரையில் உறக்கமின்றிக் கிடந்தபோது அம்மகிழ்ச்சி எத்தகையது என்று விளங்கியது. இழுத்து, தளரவிட்டு, மீண்டும் இழுத்து, இறுதியில் விட்டுவிட்டவனின் மகிழ்ச்சி அது. அவருக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிட்டு நன்றியை நான் பெற்றுக்கொண்டேன். அந்த நான்கு மாதம் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்கவில்லை. மீன் கைகூப்புவதில்லை என்பதொன்றே வேற்றுமை.

அதிகாரத்தின் சுவைகளுள் தண்டிப்பதைவிட மன்னிப்பதன் சுவை இனியது. ஆதலால் அதனை நாம் ஐயுறுவதில்லை. பிடியில் ஒருவரை வைத்திருக்கிறோம் என்பதே நமக்கு இன்பமாயிருக்கையில், விடுவது அவ்வின்பத்தின் உச்சி. அதை அருள் என்று அழைத்துக்கொள்கிறோம். அருளோ பிடிப்பதற்கு முன்பே செயற்பட வேண்டியது.

முடிவாக

அப்படியானால் தூண்டிலை முறித்துவிட வேண்டுமா? கடலையும் ஆற்றையும் நம்பி வாழும் மீனவர்முன் நின்று அறம் பேச எனக்குத் தகுதியில்லை. அவர்களுடைய வலை பசிக்கு எதிரே வீசப்படுவது. உண்ணுமளவுக்குப் பிடித்து, அத்தோடு கோலைச் சுருட்டும் மலைவாசியையும் குறைகூறேன். என் ஐயமெல்லாம் தேவையின்றிப் பிடித்து, கருணையோடு விட்டுவிடும் நம்மைப் போன்றோரைப் பற்றியதே.

அங்கு தங்கிய கடைசி நாள் மாலை நண்பர் ஒன்று செய்தார். இடுக்கியை எடுத்து, பூச்சியின் முள்ளை வளைவோடு நறுக்கி எறிந்தார். இறகும் நூலுமாக எஞ்சியதை நீரில் வீசினார். மீன் மேலெழுந்து கவ்வியது. ஏமாற்றம் உணர்ந்து உமிழ்ந்துவிட்டுச் சென்றது. இப்படி ஏழெட்டு முறை. கரையிலிருந்து நானும் முதியவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நண்பர் சிறுவனைப்போல் சிரித்தார். இருட்டியதும் கயிற்றைச் சுருட்டியவாறே, "நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உப்பில்லாச் சோறு. அடுத்த ஆண்டு இப்படியே செய்வேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். அந்த உப்பு எது என்பதே நாம் ஒவ்வொருவரும் ஆராய வேண்டுவது. மீன் ஏமாந்தது போதவில்லை. அது நம் பிடியில் துடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் துடிப்பை விரும்பும் ஏதோ ஒன்று அவரிடம் மட்டுமன்று, கோப்பைத் திருப்பி அனுப்பிய என்னிடமும் இருந்தது.

மூன்றாவதாக எடுத்த படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன். மீனின் வாய் திறந்திருக்கிறது. அழிக்கவில்லை. திருப்பி அனுப்பத் தோன்றும் விண்ணப்பம் ஏதேனும் மேசைக்கு வரும்போது, குறைகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி அனுப்பினேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அருள் என்று இதனைச் சொல்லத் துணியேன். பிடியைச் சற்றே தளர்த்தப் பழகுகிறேன் என்று மட்டும் சொல்லலாம்.